நாரணாபுரத்து வெளிநாட்டு டீச்சர்

1

இந்தக் கதை பெருமையில் பிறந்தது. எனக்குத் தெரிந்த எழுத்தாளர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கதை துக்கத்தில் பிறக்க வேண்டும், குறைந்தபட்சம் கோபத்திலாவது பிறக்க வேண்டும் என்பார்கள். என்ன செய்வது, இது டவுன் பஸ்ஸில் பிறந்தது.

போன வாரம் சிவகாசியிலிருந்து நாரணாபுரம் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"கருப்பம்மா மக இருக்காள்ல, வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சரா இருக்காளே, அவ அங்கன நம்ம இந்தியாவுக்காகப் பந்து விளையாடி கப்பு வாங்கியிருக்கா."

"நெசமாவா?"

"கருப்பம்மாளே வேன்ல வச்சுச் சொன்னா. அவ எதுக்குப் பொய் சொல்லப் போறா?"

கருப்பம்மாள் என் அம்மா. பட்டாசு ஆபீஸில்* வேலை பார்க்கிறாள், ஆபீஸ் வேனில்தான் போய்வருவாள். அந்த மகள் என் அக்கா பாண்டிச்செல்வி. நடந்தது அப்படி அல்ல என்று எனக்குத் தெரியும். கப்பும் இல்லை, இந்தியாவும் இல்லை. குனிந்து திருத்தியிருக்கலாம். நான் செய்ததெல்லாம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்ததுதான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். டிசம்பர் விடுமுறைக்கு வந்திருந்தாள். முதலில் சிரித்தாள், பிறகு யோசித்தாள்.

"ராஜு, நீதான் கதை எழுதுறியே. நடந்ததை நடந்தபடி எழுதிப் போடு. இல்லாட்டி அம்மா அடுத்த வருஷம் என்னைய ஒலிம்பிக்குக்கு அனுப்பிரும்."

ஒரு நிபந்தனையும் போட்டாள். ஒவ்வொரு பகுதியையும் அவளிடம் படித்துக் காட்ட வேண்டும். பொய் இருந்தால் கிழித்துவிடுவாள்.

(* எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். நான் புரூஃப் பார்க்கும் காலண்டர் அச்சகத்தை மட்டும் ஏனோ யாரும் அப்படிச் சொல்வதில்லை.)

2

முதல் தொடக்கம்: "கண்ணுக்கெட்டிய தூரம் நீலமாக விரிந்து கிடந்த கடலை"

அக்கா இங்கேயே நிறுத்தினாள். "கரையோரம் பச்சைலே. தள்ளிப் போனாத்தான் நீலம். நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. அவள் வேலை பார்க்கிற தீவுக்கு நான் போனதே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "காலை பத்தரை மணிக்குப் பட்டாசு மருந்து கலக்கும் அறையிலிருந்து எழுந்த சத்தம்"

இதை நானே நிறுத்திக்கொண்டேன். சிவகாசிக் கதை என்றால் எப்போது வெடிக்கும் என்று காத்திருக்கப் பழகியிருக்கிறோம். நீங்களும்தான், நானும்தான். எங்கள் ஊரில் அது நடக்காமல் இல்லை. ஆனால் அது மட்டுமே நடக்கிற ஊர் இல்லை இது. இந்தக் கதையில் எந்த அறையும் வெடிக்காது.

மூன்றாம் தொடக்கத்தை அக்கா அனுமதித்தாள். அது இப்படி:

பாண்டிச்செல்வி விருதுநகரில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தாள், பி.எட். முடித்தாள், ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை பேச்சு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது திருவனந்தபுரத்துக்குப் போய் ஒரு நேர்முகத் தேர்வு எழுதி 

(நேர்முகத் தேர்வை யாராவது எழுதுவார்களா? புரூஃப் பார்க்கிறவன் எழுதுகிற லட்சணம்.)

நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டு, மாலத்தீவுப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை வேலை வாங்கிவந்தாள். சுனாமி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கடல் என்ற சொல்லையே அம்மா வீட்டில் பேச விடாத நேரம். அக்கா போனாள். 2006 ஜனவரி.

நம் ஊரில் வெளிநாட்டு இங்கிலீஷ் டீச்சர் என்றால் வெள்ளைக்காரம்மா நினைவுக்கு வருவார். அந்தத் தீவில் வெளிநாட்டு இங்கிலீஷ் டீச்சர் என்றால் நாரணாபுரம் கருப்பம்மாள் மகள். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

3

தீவு சிறியது. பெயரை எழுத வேண்டாம் என்கிறாள். இந்திய ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சாத்தூர்க்காரரான ஹெப்சிபா டீச்சர். அங்கே பல வருஷமாக இருப்பவர். கணக்குப் பாடம்.

முதல் வரைவில் ஹெப்சிபா டீச்சரை வில்லியாக எழுதியிருந்தேன். கடுகடுத்த முகம், இறுகிய கொண்டை, எதற்கும் தடை. அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்தே விட்டாள்.

"எனக்குக் காய்ச்ச வந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்து பக்கத்துல படுத்துக் கிடந்தவுக. அவுகளைப் போய் இப்படி எழுதுவியா?"

சரி. திருத்தி எழுதுகிறேன். ஹெப்சிபா டீச்சர் பயந்தவர். வேலையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தலைமை ஆசிரியர் நல்லபடியாக எழுத வேண்டும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் ஒரு பாடம் வைத்திருந்தார். கூப்பிட்டால் போ. கொடுத்த நாற்காலியில் உட்கார். கொஞ்சமாகச் சாப்பிடு. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடு.

கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். கல்யாணம், பிள்ளைக்குப் பேர் வைப்பது, ஆளில்லாத பக்கத்துத் தீவுக்குப் பள்ளிக்கூடத்தோடு உல்லாசப் பயணம். எங்கே போனாலும் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கென்று ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. கையில் ஆளுக்கொரு குளிர்பான டின். மற்றவர்கள் தரையில், மணலில், தண்ணீரில் கிடந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் சேலை மடிப்பு கலையாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் உடுத்தின துணியோடு கடலில் இறங்கிக் கத்துவதைப் பார்த்து அக்காவுக்குக் கால் பரபரக்கும்.

"மரியாதைதான். இல்லேன்னு சொல்லலை. ஆனா யாரும் கிட்ட வந்து பேச மாட்டாக. கோயில் சாமிய உக்கார வச்ச மாதிரி வச்சிருந்தாக."

4

சாயங்காலங்களில் அந்தத் தீவுப் பெண்கள் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். பஷி என்று பெயர். டென்னிஸ் மட்டையோடு ஒருத்தி முதுகைக் காட்டி நின்று, பந்தைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் அடிப்பாள். வலைக்கு அந்தப்புறம் நிற்கிற எதிரணிப் பெண்கள் அதை வெறுங்கையால் பிடிக்க வேண்டும். ஆண்கள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள்.

ஒருநாள் அக்கா பள்ளி விட்டு அந்த வழியாக வந்தாள். கையில் குடை, தோளில் பை. பந்து உயரமாகப் பறந்து வந்தது. அவள் குடையை உதறிவிட்டு ஒற்றைக் கையால்

"பிடிக்கலை. தோள்ல அடிச்சுச்சு. நல்ல வலி."

தோளில் அடித்தது. எல்லோரும் பதறி ஓடிவந்தார்கள். மட்டை பிடித்தவள் ஷரீஃபா. கணவன் மீன்பிடிக்கப் போகிறவன், மகள் அக்காவிடம் படிக்கிறாள். டீச்சரை அடித்துவிட்டோமே என்று அவள் முகம் வெளுத்துவிட்டது. அக்கா பந்தை எடுத்து அவளிடம் தூக்கிப் போட்டாள்.

"இன்னொரு தடவை அடி. இந்தத் தடவை பிடிக்கிறேன்."

அப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் ஷரீஃபா சிரித்தாள். தீவுக்கு வந்த பிறகு தன்னைப் பார்த்து யாராவது வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்கிறாள் அக்கா. மறுநாளிலிருந்து சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றாள்.

இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினேன். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டிய விரல்கள், அந்த விரல்களின் வேகம், அதுதான் பந்தையும் பிடித்தது என்று. நல்ல பத்தி. இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

"அடிச்சிரு. தீப்பெட்டியும் பந்தும் ஒண்ணா? பிடிக்கப் பிடிக்கப் பழகுச்சு, அம்புட்டுதான்."

அடித்துவிட்டேன்.

ஹெப்சிபா டீச்சர் காதுக்கு விஷயம் எட்டியது. இதைக் கதையாக்காமல் அப்படியே தருகிறேன்.

"பாண்டி, நாம டீச்சருக. தெருவுல நின்னு பந்து பிடிச்சா பிள்ளைக மதிக்குமா?"

"அதுகளோட அம்மாதானக்கா கூட ஆடுறாக."

"ஹெட்மாஸ்டர் என்ன நினைப்பாரு? வருஷக் கடைசில எழுதிப் போட்டாருன்னா ஊருக்குத்தான் போகணும்."

"போனா போறேன். அதுக்காக எம்புட்டு நாளைக்கு நாற்காலியில உக்காந்துக்கிட்டே இருக்க?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, ஊருக்குப் போவதென்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். பழைய மெட்ரிகுலேஷன் பள்ளி, பழைய மாப்பிள்ளை பேச்சு. ஒருநாள் ஆசிரியர்கள் அறையில் எல்லோர் முன்னாலும் தலைமை ஆசிரியர், "நீங்கள் பஷி ஆடுவதாகக் கேள்விப்பட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அன்று முழுக்கப் புழுங்கினாளாம்.

5

அந்த வருஷம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. பெருநாளுக்குப் பக்கத்துத் தீவுப் பெண்களோடு பஷி ஆட்டம். தோணியில்* போனார்கள். விருந்தினர்களாக இந்திய ஆசிரியர்களும் போனார்கள். அங்கேயும் நாற்காலி வரிசை தயாராக இருந்தது. அக்கா மட்டும் அந்தப் பக்கம் போகாமல் ஷரீஃபா அணியோடு வலைக்கு அருகே போய் நின்றாள்.

எதிரணித் தலைவி அவளைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினாள். (அவர்கள் பேசியது திவேஹி மொழியில். அக்கா எனக்குச் சொன்னது நம் ஊர்ப் பேச்சில். எனக்குத் தெரிந்தது அதுதான்.)

"இவ யாரு? வெளிநாட்டு டீச்சரு. நாங்க உங்க ஊர்க்காரங்களோடதான் ஆடுவோம். சம்பளத்துக்கு வந்தவுகளோட இல்ல."

ஷரீஃபா சொன்னாள், "எங்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறவ எங்க ஊர்க்காரி இல்லாம யாரு? அவ ஆடாட்டி நாங்களும் ஆடலை."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

இங்கே அவள் பேச வேண்டும். கதை இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. நான் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் தலை நிமிர்ந்து, நான் நாரணாபுரத்துக்காரி, எங்கள் ஊர்ப் பெண்கள் எதற்கும் பயந்தவர்கள் இல்லை, என்று ஆரம்பித்து அரைப் பக்கம் பேசுகிறாள். இன்னொன்றில் எதுவும் பேசாமல் கண்ணீரோடு வெளியேறுகிறாள், பின்னால் கடல்.

இரண்டையும் கேட்டுவிட்டு அக்கா, "நான் பேசவும் இல்ல, அழுகவும் இல்ல. என்ன சொல்றதுன்னே தெரியாம நின்னேன்" என்றாள்.

பேசியது வேறொருவர். நாற்காலி வரிசையிலிருந்து ஹெப்சிபா டீச்சர் எழுந்து வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரணித் தலைவியின் முன்னால் போய் நின்று, பல வருஷங்களாகக் காய்கறிக் கடைக்கு மட்டுமே செலவழித்த திவேஹியில் கேட்டார்:

"அவ ஆடட்டும். ஏன், தோத்துருவோம்னு பயமா இருக்கா?"

எதிரணியிலேயே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓரத்தில் நின்ற ஆண்கள் கைதட்டினார்கள். தலைவி தோளைக் குலுக்கிக்கொண்டு, ஆடட்டும் என்று மட்டையை எடுத்தாள்.

ஹெப்சிபா டீச்சர் நாற்காலிக்குத் திரும்பிப் போகவில்லை. ஆட்டம் முடியும் வரை கோட்டோரத்தில் நின்று, "பாண்டி, மேல பாரு, மேல பாரு" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தார்.

அக்கா நன்றாகப் பிடித்தாள். தலைவி அடித்த வேகமான பந்து ஒன்றை மணலில் விழுந்து உருண்டு பிடித்தபோது அந்தத் தலைவியே வந்து தூக்கிவிட்டாள். கடைசியில் அக்கா ஒன்றைத் தவறவிட்டாள். ஷரீஃபாவும் ஒன்றைத் தவறவிட்டாள். தோற்றுப்போனார்கள்.

நான் மெல்லக் கேட்டேன், "ஜெயிச்சதா எழுதட்டுமா?"

"தோத்ததை எழுது. தோத்துட்டு எம்புட்டு சந்தோசமா வந்தோம்னு எழுது, முடிஞ்சா."

முயல்கிறேன். ஜெயித்தவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் மீனும் தேங்காயும் பிசைந்து ரொட்டியோடு கொடுத்தார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திரும்பும்போது தோணியில் பெண்கள் பாடினார்கள். அக்காவுக்கும் ஹெப்சிபா டீச்சருக்கும் சொல் தெரியாது, கைதட்டினார்கள். 

(முடியவில்லை. இதற்கு மேல் எனக்கு வரவில்லை. நான் அந்தத் தோணியில் இல்லை.)

நவம்பரில் தலைமை ஆசிரியர் இருவரின் வேலையையும் புதுப்பித்தார். பஷி பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே அவருடைய மனைவி ஆட வந்தார். சுமாராகத்தான் பிடிப்பாராம்.

(* அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். போன முதல் நாளே அந்தச் சொல்லைக் கேட்டு அக்காவுக்குப் பாதி பயம் போய்விட்டது.)

6

நேற்று எல்லாவற்றையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். தோற்ற இடத்தில் கை நின்றது.

"தோத்துட்டான்னு எதுக்குலே எழுதுற? கப்பு வாங்குனதால்ல நான் வேன்ல சொல்லியிருக்கேன்."

"தோத்தது நெசம்தானம்மா. கப்பே கிடையாது. நீ ஏன் அப்படிச் சொன்னே?" என்றாள் அக்கா.

"நீ அன்னைக்கு போன்ல சிரிச்சே. நீ போனதுக்குப் பெறகு அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. செயிக்காமயா ஒருத்தி அப்படிச் சிரிப்பா?"

அக்கா கீரைக் கட்டில் பாதியை எடுத்துத் தானும் உருவத் தொடங்கினாள். நான்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"சரி, இந்தியாவுக்காக ஆடுனான்னு சொன்னியே, அது?"

"அங்கன இந்தியாவுலருந்து வேற யாரு ஆடுனா? இவ ஒருத்திதான. அப்ப இந்தியாவுக்குத்தான."

புரூஃப் பார்க்கிறவன் நான். இதில் திருத்த எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அம்மா முடிவை மாற்றச் சொல்கிறாள். அக்கா கூடாது என்கிறாள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஏனென்றால் நான் எழுதாத ஒரு முடிவு தனியாக நடந்துகொண்டிருக்கிறது. தீபாவளி முடிந்து ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வேலை பார்க்கும் பெண்கள் அதே வேனைப் பிடித்து வெம்பக்கோட்டை அணைக்குப் போகிறார்கள். மழை பெய்து அணையில் தண்ணீர் நிற்கிறது. வேனில் வருகிற எல்லோரும் ஒரே பிடிவாதமாக அந்தக் கப்பு வாங்கின ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மட்டை ஒன்று இரவல் கிடைத்துவிட்டது. வலைக்கு இரண்டு பழைய சேலை. கூட வேலை பார்க்கும் பொன்மணி அக்கா தலைமையில் ஓர் அணி, அம்மா தலைமையில் ஓர் அணி. தன் மகள் தன் அணியில்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். வெளிநாட்டு டீச்சரைச் சேர்க்கக் கூடாது என்று பொன்மணி அக்கா சொல்லிவிட்டார்.

யார் ஜெயிப்பார்கள் என்று கேட்காதீர்கள். கதையை வெள்ளிக்கிழமையே அனுப்பியாக வேண்டும். உங்களுக்கு அவ்வளவு ஆவலாக இருந்தால் நேரில் வாருங்கள். ஞாயிறு காலை நாரணாபுரம் பஸ் ஸ்டாப்பில் வேன் நிற்கும். பொன்மணி அக்கா அணிக்கு இன்னும் ஓர் ஆள் குறைகிறது.