இடது கண்ணுக்கான குறிப்பு

படம் எடுப்பதென்றால் அவளுக்கு உயிர். எடுத்த படத்தை உட்கார்ந்து திருத்துவதென்றால் வேப்பங்காய். ஒரு கல்யாணத்துக்குப் போனால் மூவாயிரம் படம். ஒருத்தர் நெற்றியில் வியர்வை மின்னும், ஒருத்தர் பாதிக் கண்ணை மூடியிருப்பார், மணமகளின் தோளுக்குப் பின்னால் யாரோ கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அந்த வேலையைத் தலைமுழுகிவிட்டு, வெளியே ஓர் எடிட்டரிடம் கொடுத்தாள். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. கேமரா கார்டைக் கணினியில் செருகுவாள், படங்கள் அப்படியே அவருக்குப் போகும், இரண்டு நாளில் பளிச்சென்று திரும்பி வரும். நடுவில் அவள் அசலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆரம்பத்தில் அவர் எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டார். "மேடம், இந்தத் தழும்பு இருக்கட்டுமா, எடுத்துடவா?" "பின்னாடி நிக்கிறவர் சொந்தக்காரரா, சமையல்காரரா?" ஒருநாள் அவள் பொறுமையிழந்து எழுதி அனுப்பினாள்: "சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னைக் கேக்காதீங்க. கண்ணு, பல்லு, தோல் எதுவா இருந்தாலும் நீங்களே பாத்து அழகாக்கிடுங்க." அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

அண்ணன் மகளுக்குப் பதினோரு மாதம். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் பட்டாணி. மாதம் ஒருமுறை அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பட்டாணியைப் படம் எடுப்பாள். வெளிச்சம் குறைந்த வீடு. கேமரா தலையிலேயே ஃப்ளாஷை மாட்டிக்கொண்டுதான் எடுக்க முடியும். அந்தப் படங்களும் மற்றவற்றோடு எடிட்டரிடம் போய்த்தான் வரும்.

"உன் புண்ணியத்துல படத்துல என் வழுக்கையிலகூட முடி வளர்ந்துட்டு வருது, கேமரா," என்பான் அண்ணன். அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடங்களாகின்றன.

இரண்டு மாதத்துக்கு முன் அண்ணி மட்டும் ஒன்று கேட்டாள். குழந்தையை மடியில் சாய்த்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இவளுக்கு ஒரு கண்ணு கொஞ்சம் விலகுற மாதிரி தெரியல?" என்றாள்.

"ஆரம்பிச்சுட்டியா. போன வாரம் காது பெருசா இருக்குன்ன," என்றான் அண்ணன்.

அவள்தான் போனை எடுத்து அந்த மாதப் படத்தை விரல்களால் பெரிதாக்கி அண்ணியிடம் நீட்டினாள். "இதுல எங்க அண்ணி விலகுது? ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. நீங்களா எதையாவது கற்பனை பண்ணிக்காதீங்க."

அண்ணி படத்தை வெகுநேரம் பார்த்தாள். "ஆமா. படத்துல நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பதினோராவது மாதப் படங்களை அனுப்பிய மறுநாள் மதியம், போனில் ஒரு குரல் செய்தி வந்தது. பழக்கமில்லாத பெண் குரல்.

"மேடம், வணக்கம். உங்க வேலை பாத்தவர் வேற இடத்துக்குப் போயிட்டாரு. இனிமே நான்தான். அவர் ஒவ்வொரு ஆளுக்கும் குறிப்பு எழுதி வச்சிருக்காரு. இந்தப் பாப்பாவுக்கு, 'இடது கண்ணு வெள்ளையா விழும், வலது கண்ணை எடுத்துத் திருப்பி அங்க வை'ன்னு இருக்கு. இந்த மாசமும் அப்படியே பண்ணிடவா? வெள்ளை கொஞ்சம் பெருசா இருக்கு, அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

அவள் அதை மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கும்போது நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை.

பதினோராவது மாதத்தின் அசல் படத்தைத் திறந்தாள். பட்டாணி நான்கு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. வலது கண்ணின் நடுவில் ஃப்ளாஷ் பட்ட சிவப்பு. இடது கண்ணின் நடுவில் வெள்ளை. பிரதிபலிப்பு இல்லை, பிரதிபலிப்பு விழியின் மேல் மிதக்கும், இது உள்ளேயிருந்து பார்த்தது. மூடிய வீட்டுக்குள் யாரோ விளக்குப் போட்டுவிட்டு ஜன்னலோரம் நிற்பதுபோல.

ஃப்ளாஷ் வெளிச்சம் கண்ணுக்குள் போய், பின்சுவரின் ரத்தத்தில் பட்டுத் திரும்புவதால்தான் சிவப்பு என்பது தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும். சிவப்பு வராவிட்டால் வழியில் ஏதோ நிற்கிறது. என்ன நிற்கலாம் என்று போனில் தேடினாள். இரண்டாவது வரியில் 'கட்டி' என்றிருந்தது. நான்காவது வரியில் 'உயிருக்கு' என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு பின்னோக்கிப் போனாள். பத்தாம் மாதம் வெள்ளை. ஒன்பதாம் மாதம் வெள்ளை, சற்றுச் சின்னது. எட்டில் பிறைபோல ஒரு விளிம்பு. ஏழில் மங்கலாக, சந்தேகப்பட்டால் மட்டும் தெரிகிற ஒரு வெளிறல். ஆறாம் மாதம் இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. வாழ்க்கையில் எந்தப் படத்தையும் அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. அந்தச் சிவப்புக்குள்ளேயே போய்த் தங்கிவிட மாட்டோமா என்றிருந்தது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். "அந்தக் குறிப்பு என்னைக்குப் போட்டது?"

"இருங்க மேடம்... நாலு மாசம் ஆகுது. நான் ஏதாச்சும் தப்பாக் கேட்டுட்டேனா?"

"இல்லம்மா. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க."

உடனே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"சொல்லு கேமரா."

"அண்ணா, பட்டாணியை நாளைக்கே கண் டாக்டர்கிட்ட காட்டணும். இப்ப எடுத்த படத்துல ஒரு கண்ணு வேற மாதிரி விழுந்திருக்கு."

"வேற மாதிரின்னா?"

"வெள்ளையா."

அடுத்து வந்தது அண்ணியின் குரல், போனைப் பிடுங்கிய மூச்சோடு: "இப்பதானா? முன்னாடி படத்துல இல்லல்ல?"

"இப்பதான் பாத்தேன் அண்ணி," என்றாள். அதில் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மூவரும் குழந்தையோடு கண் மருத்துவமனைக்குப் போனார்கள். எதற்கென்று தெரியாமலேயே அசல் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள் அவள். சொட்டு மருந்து விட்டு, விழி விரிந்ததும், விளக்கை அணைத்துவிட்டு டாக்டர் குனிந்தார். வலது கண்ணைச் சீக்கிரம் பார்த்து முடித்தார். இடது கண்ணிலிருந்து நிமிரவே இல்லை. பட்டாணி அழுது அழுது விக்கியது. இருட்டில் அண்ணனின் செருப்பு தரையில் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

விளக்கு வந்தது. "வலது கண்ணு சுத்தமா இருக்கு," என்றார் டாக்டர். "இடது கண்ணுக்குள்ள ஒரு கட்டி இருக்கும்மா. நாளைக்கே மயக்கம் கொடுத்து முழுசாப் பாக்கணும். எப்ப இருந்து இப்படித் தெரியுது?"

"இந்த மாசம்தான் டாக்டர்," அண்ணன் அவசரமாகத் தன் போனை நீட்டினான். "மாசாமாசம் என் தங்கச்சி படம் எடுப்பா. பாருங்க, போன மாசம்கூட ஒண்ணுமே இல்ல. ரெண்டு கண்ணும் எப்படி இருக்கு பாருங்க."

டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகம் மாறியது. "ஒண்ணுமே இல்லாம இருந்து, ஒரே மாசத்துல இவ்வளவுன்னா ரொம்ப வேகமா வளருது. அப்படின்னா கண்ணைக் காப்பாத்திப் பாக்கலாம்னு நாள் கடத்த எனக்குப் பயமா இருக்கு. எடுத்துடறதைப் பத்தித்தான் முதல்ல பேசணும்."

அண்ணி குழந்தையின் தலையை மார்போடு அழுத்திக்கொண்டாள்.

ஹார்டு டிஸ்க் இருந்த பையை அவள் இறுக்கிப் பிடித்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். அந்தக் குறிப்பு எங்கோ ஒரு கணினியில் கிடக்கிறது. இந்த அறையில் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் அண்ணி இனி ஆயுசுக்கும் தன் முகத்தில் விழிக்க மாட்டாள். திறக்காவிட்டால், தான் அனுப்பிய அழகான பொய்யை நம்பி, டாக்டர் ஒரு கண்ணை எடுத்துவிடக்கூடும்.

"டாக்டர், அந்தப் படங்களை நம்பாதீங்க," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "அதெல்லாம் திருத்தினது. நான் வெளிய கொடுத்துத் திருத்துவேன். அவங்க வலது கண்ணை எடுத்து இடது கண்ணுல ஒட்டியிருக்காங்க. நான்தான் எதுவும் கேக்காதீங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். நிஜப் படம் என்கிட்ட இருக்கு. ஏழாம் மாசத்துலயே லேசா ஆரம்பிச்சிருக்கு."

அண்ணன் அவளையே பார்த்தான். "என்னடி சொல்ற?"

அவள் லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தாள். டாக்டர் தேதிகளைப் பார்த்தார், ஏழிலிருந்து பதினொன்று வரை முன்னும் பின்னும் போய் வந்தார், எதையோ அளந்து குறித்துக்கொண்டார். "இது வேற கதை. மெதுவாத்தான் வளர்ந்திருக்கு. நாள் போயிடுச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எடுக்கத்தான் வேணும்னு இப்பவே சொல்ல வேண்டியதில்ல. நாளைக்கு உள்ள பாத்துட்டுப் பேசுவோம்."

"எனக்குக் காட்டுங்க," என்றாள் அண்ணி.

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். கடந்த நான்கு மாதப் படங்களில் தன் மகளின் நிஜ முகத்தை அண்ணி அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். எந்தப் படத்தையும் அவசரமாகக் கடக்கவில்லை. ஒன்பதாம் மாதத்தில் நின்றாள். அதுதான் அன்று போனில் பெரிதாக்கிக் காட்டப்பட்ட படம்.

"நான் சொன்னேன்," என்றாள், யாரிடமும் இல்லாமல். "நான் அன்னைக்கே சொன்னேன்."

நர்ஸ் மயக்க மருந்துக்கான சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கையெழுத்துப் போட அண்ணிக்குக் கை காலியில்லை. குழந்தையை வாங்கிக்கொள்ள அவள் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் நீட்டினாள். அண்ணி அந்தக் கைகளைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, படிவத்தை முழங்கையால் அழுத்திப் பிடித்துக் கோணலாகக் கையெழுத்திட்டாள்.

"காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க. பால் எப்ப நிறுத்தணும்னு சொல்றேன்," என்றாள் நர்ஸ். "கூட எத்தனை பேர் வருவீங்க?"

அண்ணன் தலைகுனிந்து நின்றான். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அவற்றைப் பைக்குள் விட்டு, ஹார்டு டிஸ்க்கைத் தேடுவதுபோலத் துழாவினாள்.

"மூணு பேரு," என்றாள் அண்ணி, அவள் பக்கம் திரும்பாமலே. "அந்தப் படமெல்லாம் டாக்டருக்கு வேணும்."