வாசல் காட்சி

ஈரத் துணியால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தம்பிதான். அதற்கு மேல் காலடிச் சத்தம் இல்லை.

அவள் எழுந்து போனாள். வாசற்படிக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்து பார்த்தால் கூடத்துக் கட்டில் நேராகத் தெரியும்.

"உள்ள வாடா. சாயங்காலம் வரைக்கும் தாங்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அவர் கூப்பிடட்டும்."

"காலைலேர்ந்து பேச்சே இல்ல. எப்படிக் கூப்பிடுவாரு?"

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் இந்தப் படியை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னாரில்ல. இன்னும் உயிரோடதான இருக்காரு?"

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது அவளுக்கு. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

எல்லாம் ஒரு நாடகத்தால் வந்த வினை. ஒரே ராத்திரியில் பேய்கள் வந்து ஒரு கஞ்சனை மிரட்டித் திருத்தும் பழைய கதை. வருஷக் கடைசியில் போடுவார்கள். அப்பாதான் கஞ்சன். அவர் விரட்டியடித்த மருமகனாகத் தம்பி. திரைக்குப் பின்னால் நின்று, மறந்த வசனத்துக்கு முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு வார்த்தை மாறினாலும் அப்பா பொறுக்கமாட்டார். தம்பியோ தனியாக ஒரு குழு சேர்த்து, பேய்கள் செல்போனில் கூப்பிடுவதாக மாற்றிப் போட்டான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

உள்ளே இருமல் கேட்டு ஓடினாள். மூச்சு விட்டுவிட்டு வந்தது. அப்பாவின் கண்கள் திறந்து வாசலைப் பார்த்தன.

"உள்ள வரலாமா?" என்றார்.

மேடைக் குரல். திருந்திய கஞ்சன் மருமகன் வீட்டு வாசலில் நின்று கேட்கும் கடைசிக் காட்சி. 'வாங்க மாமா, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்' என்று மருமகன் சொல்ல வேண்டும். தொப்பியை வாங்கிக்கொள்ள வேண்டும். திரை விழும்.

வாசலில் தம்பி கட்டிய கையைப் பிரித்தான்.

"உள்ள... வரலாமா?"

குரல் தேய்ந்துவிட்டது. இன்னொரு முறை கேட்க மூச்சு இருக்குமோ என்னவோ. பழக்கதோஷத்தில் அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தாள்.

"வாங்க."

"வாங்க," என்றான் தம்பி. "வாங்கப்பா."

வசனம் மாறிவிட்டது. பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். அவர் திருத்தவில்லை. கையை மெல்லத் தூக்கி, தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

தம்பி படியைத் தாண்டி வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அப்பாவின் கை மெத்தையில் விழுந்தது. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை.

அழுது நிமிர்ந்தபோது தம்பி அதே இடத்தில் நின்றிருந்தான். வாங்கியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் ஏந்தியபடியே இருந்தான்.

அவள் கட்டிலோரத்து முக்காலியில் இருந்த மருந்துப் பாட்டில்களை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள்.