ஒன்பதாவது ஸ்ட்ரா

நகராட்சிக் கூட்ட அறையின் மேசையில் நிலத்தடி நீர் அதிகாரி கண்ணாடித் தொட்டியை வைத்தபோது மணி பத்தேகால். பதினொன்றுக்குத் தீர்மானம். ஏரிக்கரையில் ஏற்கெனவே எட்டு ஆழ்துளைக் கிணறுகள். ஒன்பதாவதும் வந்தால் எல்லாமே வறண்டுவிடும் என்று ஆறு மாதமாக அறிக்கை எழுதி அவள் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு பிரதி, ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது.

இன்று செய்முறை விளக்கம். தொட்டிதான் நிலத்தடி நீர். எட்டு உறுப்பினர்களின் ஸ்ட்ராக்கள், கிணறுகள். அவள் விளக்க விளக்க அவர்கள் மெல்ல உறிஞ்சுவார்கள். மட்டம் இறங்குவதைக் கண்டு மனம் மாறுவார்கள். "வெறும் தண்ணி பின்வரிசைக்குத் தெரியாதுடி, கலரா ஏதாவது ஊத்து" என்று அவள் அக்கா சொல்லியிருந்தாள். ஊற்றியது ஆரஞ்சு ஜூஸ். அங்கேதான் புத்தி புல் மேயப் போயிற்று.

"நிலத்தடி நீர் என்பது..."

சர்ர்ர்! 'மோட்டார்' என்று பேரெடுத்த மூன்றாம் வார்டு உறுப்பினர் கன்னம் குழிய இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க! இன்னும் பாடமே ஆரம்பிக்கல!"

"நீங்க பாட்டுக்குச் சொல்லுங்கம்மா, காது சும்மாதானே இருக்கு."

"மேடம், அவரு ரெண்டு ஸ்ட்ராவ ஒட்டி ஆழமா விட்டிருக்காரு!" என்று புகார் சொன்ன ஐந்தாம் வார்டு அம்மா, சொல்வதில் வீணான நேரத்தையும் சேர்த்து உறிஞ்சினார்.

இரண்டே நிமிடம். தொட்டி காலி.

"பாடம் பிரமாதம். இன்னொரு ரவுண்டு உண்டா?" என்றார் மோட்டார்.

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் வெயிலில் வெந்து, வியர்வை வழிய நகராட்சித் தலைவர் நுழைந்தார். வாசனை பிடித்தவர், பாக்கெட்டிலிருந்து ஒரு புது ஸ்ட்ராவை உருவித் தொட்டிக்குள் விட்டார்.

கொர்ர்...

"யாருய்யா காலி பண்ணது?"

எட்டுப் பேரும் மின்விசிறியை ஆராய்ந்தார்கள்.

"இருக்கறத எல்லாம் நீங்களே குடிச்சிட்டா, பின்னாடி வர்றவன் மண்ணையா உறிஞ்சுவான்?"

அவள் துள்ளி எழுந்தாள். "ஐயா, ஏரிக்கரையிலயும் இதேதான்! இதச் சொல்லியே ஒன்பதாவது கிணறு வேண்டாம்னு போட்டுடலாமா?"

"போடுங்க! கொட்டை எழுத்துல போடுங்க!"

எழுத்தர் எழுதினார்: 'ஒன்பதாம் கிணறு நிராகரிக்கப்படுகிறது. காரணம்: பின்னால் வருபவர் மண்ணை உறிஞ்ச நேரிடும்.' குற்றவாளிகள் எட்டுப் பேரும் மூச்சுவிடாமல் கையெழுத்திட்டார்கள்.

அறுபது பக்க அறிக்கையில் தனக்கு வராத ஒரு வரி! அதை மூன்று முறை படித்துவிட்டு, தலைவருக்கு ஜூஸ் வாங்க அவள் ஓடினாள்.