பாஸ்டர் வீட்டு முகவரி

ஷெல்பி அந்தப் பட்டியலை அரசியல் பாட வகுப்பில்தான் பார்த்தாள், கடைசி வரிசையில், மேசைக்கு அடியில் கைபேசியை மறைத்துக்கொண்டு. கருக்கலைப்பு உரிமையை நவம்பரில் மக்கள் ஓட்டுக்கு விடவேண்டும் என்று கேட்ட மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரையும் எதிரணிக்காரர்கள் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். வெறும் பட்டியலாக இருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். மகராசர்கள் வரைபடமாகவே போட்டிருந்தார்கள். ஊர்ப் பெயரைத் தட்டினால் வீடுவீடாகச் சிவப்புப் புள்ளி. புள்ளியைத் தட்டினால் பெயர், முகவரி, கையெழுத்து.

சட்டப்படி இதில் தப்பே இல்லை. இந்த மாநிலத்தில் மனுக் கையெழுத்து என்பது பொது ஆவணம், கேட்டவருக்கு நகல் கொடுத்தாகவேண்டும். ஷெல்பிக்கு அது தெரியும். தெரிந்திருந்ததுதான் இப்போது வினை.

டன்மோர் என்று தட்டினாள். எழுபது மைல் தள்ளி, சோளக்காட்டு நடுவே இருக்கும் சின்ன ஊர். அங்கே ஒரே ஒரு புள்ளி, சர்ச்சுக்குப் பக்கத்தில். கெசியா ரூபெல், சர்ச் சாலை, எண் நான்கு. கெசியாவின் அப்பா அந்தச் சர்ச்சின் பாஸ்டர், சபையார் அவருக்குக் குடியிருக்கக் கொடுத்த வீடு அது. அந்தத் தாளின் அடியில், இந்தக் கையெழுத்துகள் என் கண்முன்னால் போடப்பட்டவை என்று உறுதி கூறி, ஷெல்பியின் கையெழுத்தும் இருந்தது. அவளுக்குத் தலையில் இடி விழுந்தது போலாகிவிட்டது. ஆசிரியர் ஏதோ கேட்டார், மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், மார்ச் மாதம். மாணவர் உணவுக்கூட வாசலில் பெண்கள் குழு மேசை போட்டிருந்தது. ஒரு பக்கம் டோனட் தட்டு, இன்னொரு பக்கம் ஆணுறைக் கிண்ணம், நடுவில் மனுத் தாள்கள். பையன்கள் இரண்டிலும் அள்ளிக்கொண்டு, கையெழுத்து நாளைக்குப் போடுகிறேன் என்று நழுவுவார்கள். ஷெல்பியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. மூன்றாம் வருட மாணவி, குழுவின் தலைவி, வாயைத் திறந்தால் கல்லும் கையெழுத்துப் போடும். அறுநூற்று நாற்பது பேரைப் பிடித்திருந்தாள். அவளுடைய தோழி பலோமா அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஷெல்பிக்குக் கையெழுத்துப் பைத்தியம் பிடித்திருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

கெசியா முதல் வருடம். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் முறை வந்தும் மூன்று பேரை முன்னால் போகவிட்டாள். பிறகு மேசைக்கு வந்து, யாரும் கேட்காமலே அக்காவைப் பற்றிச் சொன்னாள். போன குளிர்காலத்தில் அக்காவுக்கு ஐந்தாம் மாதம் கரு கலையத் தொடங்கியது. பிழைக்காது என்று டாக்டர்களுக்கே தெரியும். ஆனாலும் இதயத்துடிப்பு இருக்கும்வரை தொட்டால் சட்டம் பாயுமோ என்று பயந்து, இன்னும் மோசமானால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போனால் திரும்பி வர முடியாதோ என்று ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்திலேயே காத்திருந்தார்கள். காரின் பின்சீட்டில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கெசியா ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா பிழைத்தாள். இனிமேல் அவளுக்குக் குழந்தை பிறக்காது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கெசியா விடுதி முகவரியை எழுதப் போனாள். வாக்காளர் பட்டியலில் எந்த முகவரியோ அதைத்தான் எழுதவேண்டும், இல்லாவிட்டால் அடித்துவிடுவார்கள் என்று ஷெல்பி தடுத்தாள். பட்டியலில் இருந்தது டன்மோர் வீடு. கெசியாவுக்குப் பதினெட்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பிறகு கேக் வெட்டிவிட்டு, அவளைப் பட்டியலில் சேர்த்ததே அவள் அப்பாதான். பாதி முகவரியில் பேனா நின்றது.

"இத யாராவது பாப்பாங்களா?" என்று கெசியா கேட்டாள்.

இந்தக் கேள்வி வந்தால், இது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்லவேண்டும். பயிற்சியில் மூன்று தடவை சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது. சொல்லிக்கொடுப்பதே ஷெல்பிதான். ஆனால் வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள், பனிக்காற்று வீசியது, இவளை விட்டால் பின்னால் நிற்கிறவர்களும் யோசிப்பார்கள்.

"எண்ணுறவங்க பாப்பாங்க, அவ்வளவுதான். வேற யாரும் பாக்கமாட்டாங்கப்பா," என்றாள் ஷெல்பி, வாய் கூசாமல்.

கெசியா தலையாட்டிவிட்டு எழுதி முடித்தாள்.

இப்போது வகுப்பு முடியுமுன்னே ஷெல்பி கெசியாவின் விடுதிக்கு ஓடினாள். அறைக்கதவு திறந்திருந்தது. தேய்த்த சட்டை போட்ட உயரமான மனிதர் ஒருவர் போர்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் ரூபெல். கெசியா மேசைவிளக்கைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நீ கெசியாவின் சிநேகிதியா அம்மா என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஒரே வகுப்பு என்றாள் ஷெல்பி. முதல் வருடமும் மூன்றாம் வருடமும் எந்த ஊரில் ஒரே வகுப்பு? கெசியா நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெட்டியை மூடத் தொடங்கினாள். கால் மணி நேரத்தில் பெட்டிகள் வண்டியில் ஏறின, வண்டி போய்விட்டது. ஷெல்பி வெறும் அறையின் வாசலில் பேயறைந்தவள் போல நின்றாள்.

விஷயத்தைக் கேட்ட பலோமாவுக்கு ஆத்திரமும் வந்தது, அதற்குப் பின்னாலேயே உற்சாகமும் வந்தது.

"ஏய், இதவிட நமக்கு என்னடி வேணும்? ஒரு கையெழுத்துக்காகப் பொண்ண காலேஜ விட்டே இழுத்துட்டுப் போறாரு பாஸ்டர். நாளைக்கே பேப்பர்ல வரணும்."

பலோமாவைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதம் முகத்தில் கதவு சாத்தப்பட்டவர்கள் கிடைத்த கம்பைப் பிடிக்கத்தான் செய்வார்கள். கெசியாவைக் கேட்காமல் எதையும் வெளியிடக்கூடாது, நானே போய்க் கேட்டு வருகிறேன் என்றாள் ஷெல்பி. பனிக்காற்றில் தான் என்ன சொன்னாள் என்பதை மட்டும் பலோமாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை எழுபது மைலும் தனக்குத்தானே பேசிக்கொண்டே காரோட்டினாள். திரைச்சீலை மூடிய வீடு, அழுது வீங்கிய முகம், வேதவசனத்தால் அடிக்கும் அப்பா என்று எல்லாவற்றையும் எதிர்பார்த்திருந்தாள். பாஸ்டருக்குச் சொல்லப் பதில்கள்கூடத் தயார். உன்னை இங்கிருந்து கூட்டிப் போகத்தான் வந்தேன் என்று கெசியாவிடம் சொல்வதாக இருந்தாள்.

சர்ச் சாலை நாலாம் எண் வீட்டில் கதவெல்லாம் விரியத் திறந்து கிடந்தது. வாகனக் கொட்டகை முழுக்க அட்டைப்பெட்டிகள். பாஸ்டர் ஒரு அடுக்குப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். சமையலறையில் கெசியா தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது. வீடே காலியாகிக்கொண்டிருந்தது.

தட்டுகளைச் சுற்றியபடியே கெசியா நடந்ததைச் சொன்னாள். சனிக்கிழமை யாரோ அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் சபையை நடத்தும் மூப்பர்கள் கூடி, கை தூக்கி முடிவெடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெண் கையெழுத்தை வாபஸ் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் பாஸ்டருக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வீடும் இல்லை, அது சபையின் வீடு. வாபஸ் படிவத்தையும் அவர்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"அப்போ அப்பா உன்ன வந்து கூட்டிட்டுப் போனது..."

"என் ரூம் நம்பர் யாருக்கோ கெடச்சிருச்சு. கதவுக்கடியில மிரட்டல் சீட்டு போட்டுட்டுப் போனாங்க. நான் போன் பண்ணி அழுதேன், அப்பா வந்தாரு. அவ்வளவுதான்."

அப்பா கையெழுத்தை வாபஸ் வாங்கச் சொல்லவில்லையா என்று ஷெல்பி கேட்டாள். இல்லையாம். அந்த மனு பாவம் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். பிறகு, பாவமோ புண்ணியமோ அது உன் கையெழுத்து, நான் அதில் கைவைக்க மாட்டேன் என்றாராம். நேற்றிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஷெல்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொடுமைக்காரர் என்று ஒருவரை மனதுக்குள் செய்துவைத்திருந்தாள், நேரில் வந்து பார்த்தால் அவர் இங்கே இல்லை. இருந்தவர் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார், பெட்டிக்குள் போகாமல் மிஞ்சியிருந்த ஒரே கோப்பையில் காபி ஊற்றி அவள் முன்னால் வைத்தார், தான் குடிக்காமல் உட்கார்ந்தார்.

கெசியா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் திருப்பி வைத்தாள். அதுதான் வாபஸ் படிவம். போட்ட கையெழுத்தைப் பின்னால் வாங்க இந்த மாநிலத்துச் சட்டம் ஒரே ஒரு காரணத்தைத்தான் ஏற்கும். அது அச்சிலேயே இருந்தது. கையெழுத்து வாங்கியவர் தெரிந்தே என்னை ஏமாற்றினார்.

"நவம்பர்ல நான் எதுக்கு ஓட்டுப் போடுவேன்னு அப்பாவுக்குத் தெரியும்," என்றாள் கெசியா. "அத நான் மாத்திக்கல. ஆனா இந்த வீடு போறதப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல. இதுல கையெழுத்துப் போடலாம்னா அப்பா விடமாட்டேங்கிறாரு. வீட்டுக்காகப் பொய் எழுதக்கூடாதாம்."

பாஸ்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அன்னைக்கு யாரும் பாக்கமாட்டாங்கன்னு சொன்னே. அத அப்பாகிட்ட சொல்லிட்டேன். சட்டம் தெரியாம சொல்லியிருந்தா அது ஏமாத்துறது இல்ல, தப்பு, அவ்வளவுதான்ங்கிறாரு. அதனால கேக்கிறேன். உனக்கு அப்பவே தெரியுமா?"

தெரியாது என்ற ஒரு சொல் போதும், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். தெரியும் என்றால், ஒருவரை ஏமாற்றியவள் வாங்கிய எல்லாத் தாளும் சந்தேகத்துக்குள் போகும், அறுநூற்று நாற்பதும் போகும். மனுவே கரையேறுமா என்று தெரியாது. எதிரணிக்காரர்கள் அவள் பெயரைக் கொடி கட்டிப் பறக்கவிடுவார்கள். அந்த அறுநூற்று நாற்பதில் கெசியாவின் அக்காவைப் போல எத்தனை பேரின் கதை இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். அவர்கள் எல்லோருக்காகவும்தான் பொய் சொன்னேன் என்று இரண்டு மாதம் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். இந்தச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்துப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அவள்தான் முடிவெடுக்கவேண்டும் என்று ஊரெல்லாம் கத்தியவள், ஒரு பெண்ணின் கையெழுத்தைப் பற்றி அவளை முடிவெடுக்க விடவில்லை.

"தெரியும்," என்றாள் ஷெல்பி. "புதுசா வர்றவங்களுக்கு அதச் சொல்லிக் குடுக்கிறதே நான்தான்."

கெசியாவின் கையிலிருந்த தட்டு மேசையில் இடித்தது. உடையவில்லை. அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தபோதுதான் ஷெல்பிக்கு உறைத்தது, இந்தப் பெண் வேறு பதிலைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு," என்றாள் கெசியா மெதுவாக, "ரெண்டு நாளா அப்பாகிட்ட உனக்காகச் சண்டை போட்டுட்டிருந்தேன்."

பாஸ்டர் எழுந்தார். மகிழ்ச்சி என்று சொல்ல அந்த முகத்தில் எதுவும் இல்லை. கெசியாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, கொட்டகைப் பக்கம் போனார். புத்தகப் பெட்டி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. உள்ளே இழுக்கிறாரா வெளியே இழுக்கிறாரா என்று தெரியவில்லை.

மன்னித்துவிடு என்றாள் ஷெல்பி. கெசியா அதைக் காதில் வாங்கினாளோ இல்லையோ, படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். அடியில் சாட்சியின் பெயருக்கும் வாக்காளர் பட்டியல் முகவரிக்கும் கோடு இருந்தது. வீட்டார் சாட்சி செல்லாது. மூப்பர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள் கெசியா. வேண்டாம், நான் போடுகிறேன், நடந்ததையும் பக்கத்திலேயே எழுதுகிறேன் என்று ஷெல்பி பேனாவுக்குக் கையை நீட்டினாள். அவள் பெயரும் வாக்காளர் பட்டியலில் சொந்த ஊர் முகவரியில்தான் இருந்தது. அந்த வீட்டில் இப்போது அவள் அம்மா மட்டும் தனியாக இருந்தாள்.

கெசியா பேனாவைக் கொடுக்கவில்லை. தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம். போடறதுக்கு முன்னாடி கேட்டுக்கோ. இது பொது ஆவணம். உன் பேரு, உன் வீட்டு முகவரி, நீ எழுதுறது எல்லாத்தையும் யார் வேணும்னாலும் பாக்கலாம், எங்க வேணும்னாலும் போடலாம். வேண்டாம்னா இப்பவே எந்திரிச்சுப் போயிடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டு, அவள் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகுதான் கையை எடுத்து, பேனாவைக் கொடுத்தாள். ஷெல்பி படிவத்தை முதல் வரியிலிருந்து வாசித்தாள். தன் பெயரை எழுதினாள், அதற்குக் கீழே அம்மா இருக்கும் வீட்டின் முகவரியை, கதவு எண் விடாமல் எழுதினாள்.