கொதித்தால் கரைகிற மேகம்

லாத்தா, தூங்கிவிட்டாயா? மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நம்மைப் பெற்ற அத்தா படுத்திருக்கிறார்.

சாயங்காலம் நீ குருபோங்கில் உன் புருஷன் வீட்டிலிருந்து வந்து இறங்கியதுமே அத்தா சிரித்துக்கொண்டு சொன்னாரே, சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிற ஜப்பான்காரனை ஒரு முட்டையால் ஏமாற்றிவிட்டேன் என்று. அது உண்மை இல்லை. உண்மை எனக்கும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தேவதாஸுக்கும் மட்டும்தான் தெரியும்.

நோயாளிகளை சயாமுக்கு அனுப்புவதில்லை. மூத்திரத்தைச் சூடாக்கிப் பார்ப்பார்கள்; வெள்ளையாகத் திரண்டால் விட்டுவிடுவார்கள். முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்தாலும் அப்படித் திரளுமாம். யாரோ அத்தாவிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு முட்டை வாங்கி வந்துவிட்டார். இன்று விடியற்காலையில் அதையும் தன் மூத்திரப் போத்தலையும் என்னிடம் கொடுத்து, "வெள்ளைய மட்டும் இதுல ஊத்து மஜீதா. மஞ்சள நீ குடிச்சிரு" என்றார்.

நான் முழுவதையும் குடித்துவிட்டேன்.

மூன்று மாதமாக வெறும் மரவள்ளிக்கிழங்கு, லாத்தா. உதட்டில் பட்டதுதான் தெரியும். பிறகு பார்த்தால் கையில் ஓடுதான் இருந்தது.

சோதனை நடக்கிற பண்டார் ஹிலிருக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் ஒருவர், "தும்மி எலும்ப ஒடிச்ச ஆளு வர்றாரு, தள்ளுங்க தள்ளுங்க!" என்று கத்தினார். போன நோன்பு மாதம் அத்தா தும்மியபோது விலா எலும்பு ஒடிந்தது உனக்குத் தெரியுமே. "நானாச்சும் தும்முனேன். உனக்குப் பொண்டாட்டி இருமினாலே ஒடியுது!" என்றார் அத்தா. ரொட்டி மாவு பிசைந்து பிசைந்து முதுகு தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சிரித்தபடியே நடந்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போத்தலில் முட்டை இல்லை. என் பசியால் அத்தா சயாமுக்குப் போகப் போகிறார்.

கடலோரப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு ஜப்பான் டாக்டர் உட்கார்ந்திருந்தார். தேவதாஸ் கண்ணாடிக் குழாயை விளக்குச் சுடரில் பிடித்தார். யா அல்லா, திரளட்டும், திரளட்டும் என்று துஆ கேட்டேன்.

திரண்டது, லாத்தா! அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு மேகம், குழாயின் அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்தது. அத்தா என் கையை அமுக்கினார். ஆனால் கொதி வந்ததும் அந்த மேகம் கரைந்து போனது. குழாய்க்குள் வெறும் தண்ணீர். டாக்டர் சிரித்து, சயாம் வரிசைப் பக்கம் விரலை நீட்டினார்.

தேவதாஸ் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். குழாய் ஆற ஆற எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மேகம் திரும்பி வந்தது. டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அத்தாவை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சயாமுக்குப் போக வேண்டாம் என்கிற சீட்டில் முத்திரை குத்தினார்.

அத்தா வெளியே போனதும் தேவதாஸ் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, முட்ட கலந்தியா?"

"இல்லங்கய்யா. குடிச்சிட்டேன்."

கண்ணை மூடித் திறந்தார். "முட்டயா இருந்தா கொதிக்கக் கொதிக்க கெட்டியாகும். இது கரையுது, ஆறினா திரும்ப வருது. முன்ன ஒருத்தருக்குப் பாத்திருக்கேன். எலும்புக்குள்ள மஜ்ஜையில வர்ற நோவும்மா. உள்ளயே இருந்து அரிக்கும். அதான் தும்முனதுக்கே ஒடிஞ்சிருக்கு."

"மருந்து இருக்குதுங்களா?"

"நம்மகிட்ட இல்ல. கொஞ்ச நாள் சமாளிக்கலாம். நெறய தண்ணி குடிக்க வையி, இல்லாட்டி இந்த வெள்ள போயி சிறுநீரகத்த அடச்சிக்கும். காய்ச்சல் வந்தா அன்னிக்கே கூட்டிட்டு வா. பாரம் மட்டும் தூக்க விட்ராத. தூக்குனாருன்னா முதுகெலும்பு நொறுங்கிப் போவும்."

"எவ்வளவு நாளு?"

அவர் குழாயைக் கழுவப் போய்விட்டார்.

அதிலிருந்து எனக்கு எதுவும் நிஜமாகத் தெரியவில்லை. கண்ணை மூடினால் நம் காஜா பேராங் தெரு முழுக்க அந்த வெள்ளை மிதக்கிறது. வீடுகள் அதற்குள் இறங்கிப் போகின்றன. அத்தா நடுவில் நடந்து வருகிறார். உடம்புக்குள்ளே எலும்புகள் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கிறது. கூப்பிட்டால் திரும்பிச் சிரிக்கிறார். நான் கேட்டு வந்த மேகம் அது. கேட்டது கிடைத்ததும் சந்தோஷப்பட்டேனே, லாத்தா. ஒரு நிமிஷம் முழுதாகச் சந்தோஷப்பட்டேன்.

படுக்கும்போது என்ன சொன்னார், கேட்டாயா? "சீட்டு கிடைச்சிருச்சு, இனி என்ன பயம்? காலையில மரவள்ளி மூட்டைய நானே தூக்கிட்டு வந்திர்றேன்." தனக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர் அப்படித்தான் சொல்வார். நீ தடுத்தாலும் கேட்க மாட்டார், நான் அழுதாலும் கேட்க மாட்டார். நோய் நிஜம் என்று தெரிந்தால்தான் அந்த மூட்டையை விடுவார்.

சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் விடிந்ததும் முதுகு போய்விடும்.

இந்தச் சொம்பை நீ பிடித்துக்கொள், தண்ணீர் சிந்தாமல். கட்டில் முனகுகிறது. எழுந்துவிட்டார். நான்தான் சொல்வேன். நீ பக்கத்தில் நின்றால் போதும். வா.