கடையின் கடவுச்சொல்

அந்த நீள நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் இருந்தன. அதில் நூற்று அறுபத்து மூன்று என் கையெழுத்து. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

நகல் எடுப்பது, அச்செடுப்பது, இணையத்தில் விண்ணப்பம் நிரப்பித் தருவது, இவைதான் எங்கள் கடையின் வேலை. விண்ணப்பம் மின்னஞ்சல் முகவரி கேட்கும். வந்தவரிடம் அது இருக்காது. ஐந்து நிமிடத்தில் நாங்களே ஒன்றை உண்டாக்கி, அவருடைய போனிலும் போட்டுக் கொடுத்து, நோட்டில் எழுதி வைப்போம். பேர், முகவரி, கடவுச்சொல் என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தியில் முதல் வரிக்குக் கீழே எல்லாமே மேற்படிக் குறிதான். கடையின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. எல்லோருக்கும் அதுவே. மூன்று வருடமாக அந்தக் குறிகளை நேர்கோட்டில் போட்டு வந்திருக்கிறேன். அவை நேராக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

திங்கட்கிழமை காலை தையல் அக்கா வந்தார். கடைக்குப் பின் தெருவில் வீட்டிலேயே தைப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"நான் எழுதாததை நான் எழுதியிருக்கேனாம். படிச்சுப் பாரு."

அவருடைய மின்னஞ்சல் கணக்கிலிருந்து பதினோரு வாடிக்கையாளர்களுக்கு ஒரே செய்தி போயிருந்தது. புது அளவு வேண்டும், தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்புங்கள். இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவரின் கணவர் அக்காவின் வாசலுக்கு வந்து தெருவே கேட்கக் கத்தியிருக்கிறார். அக்கா காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார்.

"பதினாறு வருஷம். எத்தனை பொம்பளைங்களைத் தொட்டு அளவெடுத்திருக்கேன். ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல."

நான் போகும் மாலைக் கணினி வகுப்பில் சொல்லிக் கொடுத்த வரிசைப்படி கேட்டேன். ஏதாவது இணைப்பை அழுத்தினீர்களா? போனுக்கு வந்த எண்ணை யாரிடமாவது சொன்னீர்களா? வேறு யாராவது போனை வாங்கினார்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். நான்காவது கேள்வியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உன் கேள்வி எல்லாம் நான் என்ன தப்பு பண்ணேன்னுதான் இருக்கு. வேற யாராவது தப்பு பண்ணியிருக்கலாம்னு ஒரு கேள்வி இருக்கா உன்கிட்ட?"

அவருடைய கடவுச்சொல் என்ன என்று அறிய நோட்டைப் பார்க்க எனக்குத் தேவையில்லை. அந்த நொடியில்தான் அது உறைத்தது. இந்தக் கடையில் கணக்குத் தொடங்கிய ஒவ்வொருவருக்கும் தன் கடவுச்சொல் தெரியும். தன்னுடையது தெரிந்தவனுக்கு மற்ற இருநூற்றுப் பதினொன்றும் தெரியும்.

அதை அப்படியே சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்போ திருடினது யாருன்னு தெரியாது. சாவி செஞ்சு ஊருக்கெல்லாம் கொடுத்தது யாருன்னு தெரியும்."

"நான்தான்க்கா."

"சரி. முதல்ல என்னோடதை மாத்து."

"நான் மாத்தக் கூடாதுக்கா. நீங்க மாத்துங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

முதலாளி பின்னால் மை டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டு மாற்றச் சொல்லிவிடலாம், பிறகு நோட்டைக் கிழித்துவிடலாம் என்றேன்.

"கிழிக்கிறதா?" குலுக்குவதை நிறுத்தினார். "கடையைக் கொடுக்கப் போறேன், தெரியுமில்ல? வெள்ளிக்கிழமை ஆள் வர்றார். இங்க என்னத்தைப் பார்த்து வாங்குறார்னு நினைக்கிற? மெஷின் ரெண்டும் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நாற்காலிக்கு மூணு கால்தான் இருக்கு. அந்த நோட்டைத்தாம்மா வாங்குறார். இருநூறு குடும்பம். பாஸ்வேர்டு மறந்துட்டேன் மறந்துட்டேன்னு திரும்பத் திரும்ப வருவாங்க."

"அது அவங்க கணக்கு சார்."

"உண்டாக்கினது யாரு?"

"நான்."

"உனக்குச் சம்பளம் கொடுத்தது யாரு? சாயங்கால வகுப்புக்குப் போனாலும் போன, வாயும் சேர்ந்து வளருது."

அன்று வகுப்பில் ஒன்றும் காதில் ஏறவில்லை. முதலாளியை மீறி எல்லோரையும் எச்சரிக்கலாமா என்று யோசித்து, தாளை நடுவில் மடித்து, செய்யலாம், செய்யக் கூடாது என்று எழுதினேன். செய்யக் கூடாது என்ற பக்கம் நிரம்பியது: வேறு வேலை கிடைக்காது, ஐந்தரைக்கே வகுப்புக்கு விடுகிற முதலாளி வேறு யாரும் இல்லை, நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மறுபக்கத்தில், 'என் கையெழுத்து' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் நோட்டைத் திறந்து பேர்களைப் படியெடுக்கத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் கை நின்றது. அடுத்தவர் விவரத்தை அவருக்குத் தெரியாமல் எழுதி எடுத்துப் போகிறேன். திருடியவன் செய்ததிலிருந்து இது எந்த வகையில் வேறு? எழுதியதைக் குப்பையில் போடவும் பயம். குழாயடியில் நனைத்துக் கூழாக்கினேன்.

அக்காவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "பட்டியல் எதுக்கு? இந்த நாலு தெருவுல யாருக்கு எந்தத் தோள் சாய்வுன்னு எனக்குத் தெரியும். கதவைத் தட்டி, அந்தக் கடையில கணக்குப் போட்டீங்களான்னு கேட்டா முடிஞ்சுது."

"உங்களைப் பத்தி ஏதாவது சொன்னா?"

"சொல்லட்டும். அதுக்குத்தான் போறேன். பயந்து உள்ள உட்கார்ந்தா, அவன் எழுதினது நான் எழுதினதாவே ஆயிடும்."

முதலில் அவர் போனது அந்தக் கத்திய ஆளின் வீட்டுக்கு. நான் இரண்டு படி கீழேயே நின்றுவிட்டேன்.

"இன்னும் என்ன படம் வேணும்?" என்றார் அவர், கதவைப் பாதி திறந்து.

"படம் வேண்டாம் தம்பி. உங்க வீட்டுக்காரம்மா பாஸ்வேர்டும் என் பாஸ்வேர்டும் ஒண்ணா இருந்துச்சு. உங்களோடதும் அதேதான். சொல்லட்டுமா?"

அக்கா வாசலில் நின்றே சொன்னார். அந்த ஆளின் முகம் மாறியது. உள்ளே போய் இரண்டு போன்களை எடுத்து வந்தார். பின்னால் வந்த அவர் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கணவரைப் பார்த்து, "இப்பக் கத்துங்க, பார்ப்போம்" என்றார்.

செவ்வாயிலிருந்து வியாழன் வரை மூன்று மாலையும் வகுப்புக்குப் போகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதே வழிமுறைதான். பழைய கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போகச் சொல்வேன். பிறகு, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்துப் புதியது. பிள்ளை பேர் வேண்டாம், பிறந்த நாள் வேண்டாம். அடுத்தது, மறந்தால் எந்தப் போனுக்குச் செய்தி போக வேண்டும் என்ற இடம். அங்கே எல்லோருக்கும் கடையின் எண்தான் இருந்தது. அதையும் நான்தான் போட்டிருந்தேன். அதை அழித்து அவரவர் எண். கடைசியில், மற்ற கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்று என்ற பொத்தான்.

"நீயே போட்டுக் கொடுத்துடும்மா, சீக்கிரம் முடியும்" என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், சீக்கிரம் முடியும். விரல் துறுதுறுக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பேன்.

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் மனைவி பேரைத்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தார். உள்ளே இருந்து குரல் வந்தது. "வேண்டாம்மா. என் பேரை வச்சா தினமும் மறப்பாரு."

கடைக்குப் பக்கத்துச் சலூன்காரரிடம் புதன்கிழமை சொன்னோம். அவர் தன்னுடையதை மாற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலையிடமும் சொல்லத் தொடங்கினார். பாதி வெட்டியதும் நிறுத்தி, மாற்றினால்தான் மீதி என்றாராம்.

மாற்றியவர்களை என் தாளில் ஆளுக்கு ஒரு கோடாக மட்டும் குறித்தேன். பேர் இல்லை. வியாழன் மாலை எண்ணினேன். நூற்று அறுபத்தெட்டு. இன்னும் நாற்பத்து நாலு பேர். முதல் நாளே தொடங்கியிருந்தால் முடிந்திருக்குமோ என்று அன்று சரியாகத் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்குபவர் வந்தார். மென்மையாகப் பேசினார். மெஷின்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, கணினியில் ஒரு முகவரியைத் தட்டினார். "சும்மா சரிபார்க்கத்தான்."

கடவுச்சொல் தவறு என்று வந்தது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி, மூன்றும் தவறு.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "அது ஒண்ணுமில்ல. மறந்துட்டேன்னு அழுத்துங்க. நம்பர் நம்ம கடை போனுக்குத்தான் வரும்" என்றார்.

அவர் அழுத்தினார். கடையின் போன் மேசைமேல் கிடந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. பக்கத்துச் சலூனில் ஒரு போன் கிணுகிணுத்தது. அப்புறம் நாற்காலி தள்ளப்படும் சத்தம்.

"யாருடா அது என் கணக்குல கையை வைக்கிறது?"

சலூன்காரர் ஒரு கையில் போனும் மறு கையில் சீப்புமாக உள்ளே வந்தார். பின்னாலேயே பாதி முகத்தில் நுரையோடு ஒருவர், கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல். திரையில் தன் முகவரியைப் பார்த்த சலூன்காரர் வாங்குபவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா? எனக்குச் சொந்தக்காரரா? எந்த வழியில?"

வாங்குபவர் நோட்டை மூடி, மேசையில் மெதுவாக வைத்தார்.

"எத்தனை பேர் மாத்தினாங்க?" என்றார் முதலாளி என்னிடம்.

"நூத்தி அறுபத்தெட்டு."

"மாத்தாதவங்க யாரு யாருன்னு எழுதிக் கொடு. இப்பவே."

"மாட்டேன் சார்."

"நீயே உண்டாக்கி, நீயே கவுக்கிறியா?"

"உண்டாக்கினது தப்பு சார். அந்தத் தப்பை நீங்க விக்க நான் விடமாட்டேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"நாளையிலிருந்து வராதே."

"இப்பவே போறேன். நாப்பத்து நாலு பேர் பாக்கி இருக்காங்க."

"நோட்டு இங்கதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ!"

"வச்சுக்குங்க சார். ஒவ்வொரு வரியா அழுத்திப் பாருங்க. யார் வீட்டுல மணி அடிக்குதுன்னு பார்ப்போம்." இதைச் சொன்னது நான்தானா என்று வாசலைத் தாண்டிய பிறகும் சந்தேகமாக இருந்தது.

தையல் அக்காவுக்கு அன்று வேலை இருந்தது. திரும்பி வந்த வாடிக்கையாளர் இருவர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். அதனால் தனியாகவே போனேன். நான்காவது தெருவின் கடைசி வீடு. இதுவரை கதவு திறந்ததும் பேசியது அக்கா. நான் பின்னால் நின்றவள். ஏதாவது நல்ல முன்னுரை தயார் செய்யலாம் என்று இரண்டு நிமிடம் நின்றேன். ஒன்றும் வரவில்லை. தட்டினேன்.

கையில் மாவோடு ஒரு அம்மா கதவைத் திறந்தார். "நீ அந்தக் கடைப் பொண்ணுதானே?"

"இன்னிக்குக் காலையில வரைக்கும். உங்க பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்மா. போட்டது நான்தான். கையைக் கழுவிட்டுப் போனை எடுத்துட்டு வாங்க, நீங்களே மாத்துங்க."