மைனஸ் பன்னிரண்டு

நோட்டைச் சவப்பெட்டியில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைக்கப்போன அம்மாவின் கையை அன்புச்செல்வி பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா. இத நான் ஒருதரம் பாக்கணும்."

"இன்னாத்த பாக்கப்போற? தலமாட்டுலயே வெச்சிக்கினு தூங்குவான். அவன்கூடயே போவட்டும்" என்றாள் ராஜாமணி.

தம்பி ஆரோக்கியராஜுக்கு முப்பத்திரண்டு வயது. திண்டிவனத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. முந்தின நாள் மதியம் கடையிலேயே சரிந்தவன், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்முன் முடிந்துபோனான். நாலு மணிக்குக் கோயிலுக்கு எடுக்க வேண்டும். பெட்டிக்காரர் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார்.

நோட்டு முழுக்கக் கட்டம் போட்ட எண்கள். கடைசிப் பக்கத்தின் தலைப்பில் 'அக்கா' என்றிருந்தது. போன கிறிஸ்துமஸ் தேதி. அதன் கீழே ஒரே எண், திரும்பத் திரும்ப: −12.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து இருவரும் சண்டை வீடியோ கேம் ஆடியிருந்தார்கள். ஈஸ்டரில்தான் அவள் வார்த்தையை விட்டாள். "பொம்மய சண்ட போட வுட்டுக்கினு இருக்கியே, வெக்கமா இல்ல?" என்று, அவனுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே. மறுநாள் ஒருமுறை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. அவளும் பிறகு செய்யவில்லை. ஐந்து மாதம்.

மைனஸ் என்றால் தனக்கு அவன் போட்ட மார்க்காக இருக்குமோ?

வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பிரவீன்குமாரிடம் நோட்டை நீட்டினாள். கடையில் தம்பியின் கூட்டாளி. வீடியோ கேம் போட்டிகளுக்கும் இருவரும் சேர்ந்தே போவார்கள்.

"இது இன்னா கணக்கு?"

"ஃப்ரேம்க்கா. ஒரு செகண்ட அறுபதா பிரிச்சா ஒண்ணு."

அன்புச்செல்விக்கு விழுப்புரத்தில் இ.சி.ஜி. எடுக்கிற வேலை. அந்தத் தாளில் ஒரு செகண்டுக்கு இருபத்தைந்து சின்னக் கட்டம். அப்படியானால் ஒரு கட்டத்துக்குள் இரண்டரை ஃப்ரேமுக்குக் கொஞ்சம் குறைவு. மனம் தானாகப் போட்டுப் பார்த்தது.

"மைனஸ்னா?"

"நீங்க உதைக்கறீங்க, அவன் தடுத்துட்றான். உங்க காலு திரும்பி நிக்கறதுக்குள்ள அவன் பன்னெண்டு ஃப்ரேம் முன்னாடி ரெடியாய்ட்றான். பத்து ஃப்ரேம்ல ஒரு குத்து இருக்குது. வெச்சான்னா நீங்க தடுக்கவே முடியாது."

"நான் எப்பவும் அதே உதைதான்."

"தெரியுங்க்கா. 'அக்கா பட்டன அமுக்கல, கேப்பைக் களி கிண்டுது'ம்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்து, நின்றது.

"அன்னிக்கு ஒம்போது ஆட்டமும் நான்தான ஜெயிச்சேன்?"

பிரவீன்குமார் பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்து. மெதுவாகப் படித்தான்.

"'அடிக்காத. காத்துக்கினு இரு. அக்கா திரும்பவும் வரும்.'"

"ஏன் அப்படி?"

"தெரியலக்கா. கணக்குப்படி பாத்தா இது தப்பு. எங்க யார்கிட்டயும் அவன் இப்டி ஆடமாட்டான்."

உள்ளிருந்து பெட்டிக்காரர் குரல் கொடுத்தார். "மூடிடலாமாம்மா? சாமியார் வந்துட்டாரு."

அன்புச்செல்வி நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தம்பியின் வலது கட்டைவிரலில் காய்ப்பு இருந்தது. அதை ஒருமுறை தொட்டாள். நோட்டை அவன் கைக்கடியில் வைத்தாள்.

"பாத்துட்டியா?" என்றாள் அம்மா.

"ம்."

கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டு ஒதுங்கினார்கள். அன்புச்செல்வியும் போட்டாள். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியை எடுத்தபோது அவள் வரிசையின் கடைசியில் வந்து நின்றிருந்தாள்.

"நீ போட்டாச்சேம்மா" என்றார் ஒருவர்.

அவர் நகரும்வரை நின்றாள். பிறகு குனிந்து, மறுபடி ஒரு பிடி அள்ளினாள்.